எழுத்துக்குச் சொந்த முகவரி

2020-ஆம் ஆண்டின் நடுவில், தமிழ் வலைப்பூக்களுக்கான பழைய இணைப்புகள் பல ஒரே சமயத்தில் செயலிழந்தன. எழுதியவர்கள் யாரும் எதையும் அழிக்கவில்லை. கூகுள் நிறுவனம் தன்னுடைய பிளாக்ஸ்பாட் சேவைக்கு 2012 முதல் சில ஆண்டுகள் நாட்டுக்கு ஒரு முகவரி வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து ஒரு வலைப்பூவைத் திறந்தால், அது தானாகவே 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற முகவரிக்கு மாறிவிடும். திரையில் தெரிந்த அந்த முகவரியைத்தான் மக்கள் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார்கள், மின்னஞ்சலில் அனுப்பினார்கள், கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பாகக் கொடுத்தார்கள். 2020-ல் அந்தப் பெயரின் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, வேறொருவர் கைக்குப் போனது. உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்று, ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டணமுள்ள ஒரு பெயரைக் கோட்டைவிட்டது. கட்டுரைகள் டாட் காம் முகவரியில் பத்திரமாகவே இருந்தன. அவற்றுக்குப் போகும் பழைய வழிதான் அடைபட்டது. எழுதியவரால் அதைச் சரிசெய்யவும் முடியவில்லை. அந்த முகவரி ஒருநாளும் அவர் பெயரில் இருந்ததில்லை.

தமிழில் தொடர்ந்து எழுதுகிறவர்கள், அதிலும் பத்து ஆண்டு கழித்தும் யாராவது தேடி வரக்கூடிய விஷயங்களை எழுதுகிறவர்கள், தங்கள் எழுத்தைச் சொந்தத் தளத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சொந்தத் தளம் என்றதும் வீட்டில் ஒரு சர்வரை இரவுபகலாக ஓடவிட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். இரண்டே இரண்டு உரிமைகள் போதும். டொமைன் எனப்படும் தளப்பெயர் உங்கள் பேரில் பதிவாகியிருக்க வேண்டும். எழுதியது அத்தனைக்கும் முழுப் பிரதி, வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில், உங்கள் கையில் இருக்க வேண்டும். இவை இருந்தால் சர்வர் சென்னையில் இருக்கிறதா சிங்கப்பூரில் இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். எண்ணை மாற்றாமல் கைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்வதுபோல, வாசகருக்குத் தெரியாமலே ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த உரிமைகள் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதற்கு இணையத்தின் முப்பது ஆண்டு வரலாறு முழுக்கச் சான்றுகள் கிடக்கின்றன. 1990-களில் சாதாரண மக்கள் முதன்முதலாக வலைப்பக்கம் அமைத்த ஜியோசிட்டீஸை யாஹூ 1999-ல் வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. இந்திய இளைஞர்கள் குவிந்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. தமிழ்ப் பதிவர்கள் வலைப்பூவை விட்டுவிட்டு மணிக்கணக்கில் விவாதித்த கூகுள் பஸ் 2011 இறுதியிலும், அதன் வாரிசான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் முடிந்தன. தமிழைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய இழப்பு யாஹூ குழுமங்கள். வலைப்பூக்கள் பெருகுவதற்கு முன்பு, 2000-களின் தொடக்கத்தில், இணையத் தமிழின் இலக்கிய விவாதம் பெருமளவு அங்கேதான் நடந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களின் மடல்களில் பின்னாளில் அச்சில் பெயர்பெற்ற பலரின் முதல் எழுத்துகள் உண்டு. யாஹூ 2019 அக்டோபரில் முன்னறிவிப்பு கொடுத்தது. சில மாதங்களில் பழைய மடல்களும் கோப்புகளும் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. ஆர்வமுள்ள சிலர் தாமாக எடுத்து வைத்துக்கொண்டது போக மீதியைப் படிக்க இன்று வழியில்லை. ஃபேஸ்புக்கில் நீள்கட்டுரைக்கென்று 'நோட்ஸ்' என ஒரு பகுதி இருந்தது; 2020 அக்டோபர் இறுதியோடு அதில் புதிதாக எழுத முடியாமல் போனது. அதை நம்பி அங்கே கட்டுரை எழுதிய தமிழர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

மூடப்படுவதுகூட அபூர்வம்தான். விதி மாறுவது அடிக்கடி நடக்கிறது. படங்களை இலவசமாக ஏற்றிவைத்து வேறு தளங்களில் காட்ட அனுமதித்துவந்த போட்டோபக்கெட், 2017-ல் அதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கேட்டது. உலகமெங்கும் வலைப்பூக்களில் படம் இருந்த இடத்தில் கட்டணக் கோரிக்கை தொங்கியது. ட்விட்டர் கைமாறிய பிறகு, 2023 நடுவில், கணக்கு இல்லாதவர்கள் ஒரு பதிவைக்கூடப் படிக்க முடியாத நிலை வந்தது. கனடா அரசு செய்தி நிறுவனங்களுக்கு ஆதரவாகச் சட்டம் இயற்றியதும், 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் அந்த நாட்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் செய்திகளையே தடுத்தது. டொராண்டோவில் இருக்கும் தமிழரும் அங்கே செய்தி இணைப்பைப் பார்க்க முடியாமல் போனது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கில் பெயர் வாங்கியிருந்த நம் ஊர்க் கலைஞர்கள் ஓரிரு நாளில் தங்கள் பார்வையாளர் அத்தனை பேரையும் இழந்தார்கள். இந்த முடிவுகளில் சில நியாயமாகவும் இருக்கலாம். நியாயமோ இல்லையோ, எழுதியவரையும் படித்தவரையும் யாரும் கலந்துகொள்ளவில்லை. இருவருக்கும் நடுவில் நின்ற நிறுவனத்தோடு மூன்றாவது ஒருவர் மோதினார். அடி இவர்கள் மேல் விழுந்தது.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வோம். சொந்தத் தளங்கள் மட்டும் சாகாவரம் பெற்றவையா? 2004-ல் ஒருவர் காசு கொடுக்காமல் தொடங்கிய பிளாக்ஸ்பாட் வலைப்பூ, அவர் அதை மறந்தே போனபின்னும், இன்றும் திறக்கிறது. அதே காலத்தில் காசு கட்டி டாட் காம் வாங்கியவர்களின் தளங்கள் எத்தனையோ காணாமல் போய், அந்தப் பெயர்களில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் கிடைக்காமல் போய்விட்டன. அவற்றில் சொந்தத் தளங்களும் உண்டு. இந்த மறுப்பு உண்மையானது; இதை மழுப்பிவிட்டு மேலே பேசுவதில் பயனில்லை. ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் சொந்தத் தளம் சில வாரங்களில் போய்விடும். கூகுளுக்கு இருக்கும் பணமும் பொறியாளர்களும் நமக்கு இல்லை.

ஆனால் இந்த மறுப்பு தாக்குவது சர்வரைத்தான். முகவரியையும் பிரதியையும் பற்றிய வாதம் அப்படியே நிற்கிறது. பதிப்பாளர் பத்ரி சேஷாத்ரியின் வலைப்பூவைப் பாருங்கள். அது பிளாக்ஸ்பாட் முகவரியில் தொடங்கியது. பிறகு அவர் பெயரிலேயே அமைந்த டொமைனுக்கு வந்தது. பிளாக்ஸ்பாட்டை இயக்கும் பிளாக்கர் சேவையில் எழுதிக்கொண்டே சொந்தப் பெயரை அதில் பொருத்திக்கொள்ள கூகுள் நெடுங்காலமாக அனுமதிக்கிறது. அப்படிச் செய்தவர்களுக்கு கூகுளின் உழைப்பும் கிடைக்கிறது, நாளை கூகுள் கையை விரித்தால் அதே முகவரியோடு வெளியேறும் வசதியும் இருக்கிறது. 2020-ல் டாட் இன் குளறுபடி நடந்தபோது சொந்தப் பெயரில் பகிரப்பட்ட இவர்களுடைய இணைப்புகள் எதுவும் அறுபடவில்லை. இலவச வலைப்பூ வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த ஒரு படியை எடுத்துவைத்தாலே போதும். கூகுளின் உழைப்பும் நிரந்தரம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று 2023-ல் அது தன் விதியையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

பிரதி கையில் இருப்பதன் மதிப்பு தமிழர்களுக்குத் தெரிந்த அளவு ஆங்கிலேயருக்குத் தெரிய வாய்ப்பில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழ் இணையம் தகுதரம், டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் இயங்கியது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். கோப்புகளைக் கையில் வைத்திருந்தவர்கள் பிற்பாடு மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் தகுதரத்தில் மின்னூல்களை வெளியிட்டது. கோப்புகள் அதன் வசமே இருந்ததால் அவற்றை யூனிகோடில் மறுபடி வெளியிட முடிந்தது. அடுத்தவர் தளத்தில் பழைய எழுத்துருவில் எழுதி, அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மென்பொருளும் ஒருநாள் கைவிடப்படும் என்பது அடுத்த ஐயம். கைவிடப்பட்டுத்தான் இருக்கிறது. இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குகின்றன. அந்த வேர்ட்பிரஸ் பிறந்ததே, பி2 என்ற வலைப்பூ மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனதால்தான். பி2 கட்டற்ற உரிமத்தில் வெளியாகியிருந்தது. ஆகவே, அதைப் பயன்படுத்திவந்த மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதன் நிரல்களை எடுத்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸாக வெளியிட்டார்கள். பி2 ஒரு நிறுவனத்தின் மூடிய சேவையாக இருந்திருந்தால் அதன் பயனர்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு வருத்தச் செய்தி மட்டுமே. வேர்ட்பிரஸிலும் முதலாளிச் சண்டைகள் உண்டு. 2024-ல் முல்லன்வெக்கின் தரப்புக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட மோதலில், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சில நாள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்காமல் தவித்தார்கள். தங்கள் தளமும் தரவும் தங்கள் பேரில் இருந்தவர்களுக்கு அப்போதும் வேறிடத்துக்கு மாறும் வழி திறந்தே இருந்தது.

வாசகர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதானே எழுத வேண்டும் என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. ஃபேஸ்புக்கில் எழுதினால் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் படிப்பார்கள். புதிய தளத்தில் எழுதினால் ஒரு வாரத்துக்குப் பத்துப் பேர். தளத்தில் எழுதி இணைப்பை ஃபேஸ்புக்கில் போடலாமே என்றால், வெளி இணைப்புள்ள பதிவுகளை இந்த நிறுவனங்கள் முன்னுக்குத் தள்ளுவதில்லை. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தள உரிமையாளர் எலான் மஸ்க்கே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே இரண்டு இடத்திலும் எழுதுங்கள். முதலில் சொந்தத் தளத்தில் ஏற்றிவிட்டு, பிறகு அதையே முழுதாகவோ சுருக்கியோ ஃபேஸ்புக்கிலும் போடுங்கள். கூட்டம் அங்கேயே படித்துவிட்டுப் போகட்டும். மூலப் பிரதியும் நிலையான முகவரியும் இங்கே இருக்கும். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு ஃபேஸ்புக் பதிவைத் தேடிப் பார்த்த எவருக்கும் இந்த ஏற்பாட்டின் அவசியம் புரியும். ஊர் வரலாறோ, சித்த மருத்துவமோ, கல்வெட்டோ, நெல் ரகமோ, எவ்வளவு அரிய தகவலாக இருந்தாலும் அங்கே எழுதியது இரண்டு நாளில் கீழே போய்விடும், தேடுபொறிக்கும் பெரும்பாலும் எட்டாது. தமிழ் விக்கிப்பீடியாவில் அதைப் பொதுவாகச் சான்றாகவும் காட்ட முடியாது.

சொந்தத் தளத்தில் பொறுமையாக எழுதியவர்களுக்குத் தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஜெயமோகனின் வெண்முரசு 2014 ஜனவரி 1 தொடங்கி 2020 ஜூலை வரை, நாவலுக்கு நாவல் சிறு இடைவெளி தவிர, நாளுக்கு ஓர் அத்தியாயமாக அவருடைய தளங்களில் வெளியாகி 26 நாவல்களாக நிறைந்தது. எந்த வார இதழும் அத்தனை பக்கம் ஒதுக்கியிருக்காது. ஃபேஸ்புக்கில் அது சாத்தியமே இல்லை. இன்று புதிதாகக் கேள்விப்படும் ஒருவர் முதல் அத்தியாயத்திலிருந்து அங்கேயே படிக்கத் தொடங்கலாம். அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, நமக்கு யார் வருவார்கள் என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்குப் பதில் 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தில் இருக்கிறது. பேர் தெரியாத பதிவர் நேற்று எழுதியதும் பிரபலம் எழுதியதும் அந்தத் திரட்டியில் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றன. ஒரு தலைமுறை பதிவர்களுக்கு வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். திரட்டிகள் மங்கியபின் அந்த வேலையை ஃபேஸ்புக்கிடம் ஒப்படைத்துவிட்டோம். திரட்டி மறுபடி வர வேண்டுமானால் திரட்டுவதற்குத் திறந்த தளங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேர்ட்பிரஸ் தளமும், ஒவ்வொரு பிளாக்கர் பக்கமும் ஆர்எஸ்எஸ் ஓடையைத் தானாகவே வெளியிடுகிறது. புதிய இடுகை வந்ததை எந்தத் திரட்டியும் அதிலிருந்து அறியலாம். ஃபேஸ்புக் பதிவுகளைக் கொண்டு அப்படி ஒரு திரட்டியை நாம் கட்ட முடியாது.

செலவும் தொழில்நுட்பமும் பலரைத் தடுக்கின்றன. செலவு பெரிதில்லை. டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும், டாட் இன் அதைவிடக் குறைவு. பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் சாதாரண ஹோஸ்டிங்குக்கு இன்னும் சில ஆயிரம். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்கத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சில ஆண்டுகளாக இலவசமாகவே தருகிறது. எழுத்துக்கு அப்படி ஒன்றும் பெரிய இடமும் வேண்டாம். ஆயிரம் சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை யூனிகோடில் ஏறத்தாழ 30 கிலோபைட். ஆயிரம் கட்டுரை எழுதினாலும் 30 மெகாபைட்தான், அதாவது இன்றைய கைபேசியில் எடுக்கும் பத்துப் படங்களின் அளவு. ஒரு வாழ்நாள் எழுத்தை ஒரு பென்டிரைவின் மூலையில் வைத்துவிடலாம். ஏமாறும் இடங்கள் வேறு. முதலாண்டு நூறு ரூபாய் என்று விளம்பரம் செய்பவர்கள் இரண்டாம் ஆண்டு பல மடங்கு கேட்பார்கள். புதுப்பிக்கும் விலையைப் பார்த்தே வாங்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுப்பவர் டொமைனைத் தன் பேரிலேயே பதிவு செய்துகொள்வது நம் ஊரில் சர்வசாதாரணம். அவரோடு மனத்தாங்கல் வந்தாலோ அவர் தொழிலை விட்டாலோ பெயர் போயிற்று. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே கடவுச்சொல் வைத்திருக்கும் கணக்கில் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு தொல்லைதான். வேர்ட்பிரஸ் தளங்களில் ஊடுருவல் பெரும்பாலும் புதுப்பிக்கப்படாத பிளக்-இன்கள் வழியாகவே நடக்கிறது. அழகுக்கென்று இருபது பிளக்-இன் சேர்ப்பவர் இருபது கதவைத் திறந்துவைக்கிறார். மாதம் ஒருமுறை புதுப்பித்து, பேக்கப் எடுத்து, அதை அந்த சர்வரிலேயே விட்டுவிடாமல் இறக்கி வைக்க முடியாதவர்கள், ஹியூகோ போன்ற கருவிகளால் உருவாகும் நிலையான தளத்தைப் பார்க்கலாம். அதில் தரவுத்தளமும் இல்லை, உள்நுழையும் பக்கமும் இல்லை. உடைக்க அதிகம் ஒன்றுமில்லை. தொடங்கும்போது தெரிந்தவர் ஒருவரின் உதவி தேவைப்படும். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மேலே சொன்ன வழி இருக்கிறது, பிளாக்கர் தளத்தில் சொந்தப் பெயர். அன்றாட அரசியல் நக்கல், பிறந்தநாள் வாழ்த்து, சினிமா அரட்டை எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர்கள் ஃபேஸ்புக்கிலேயே சந்தோஷமாக இருக்கலாம்.

அரசு நினைத்தால் சொந்தத் தளத்தையும் முடக்கலாமே என்பதும் சரிதான். ஆனால் பெருந்தளத்தில் ஒதுங்கியிருப்பது பாதுகாப்பு என்று எண்ணுவதற்கும் ஆதாரமில்லை. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு மத்திய அரசு குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னபோது, இணையச் சேவை நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையும் அடைத்துவிட்டன. தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான வலைப்பூக்களும் சில நாள் இந்தியாவில் திறக்கவில்லை.

எழுதியவர் இறந்தபின் என்ன ஆகும் என்பதற்குத் தனிமனிதரிடம் முழு விடை கிடையாது. டொமைன் கணக்கின் விவரத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவைப்பதும், எழுத்தை மின்னூலாக்கி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களுக்குக் கொடுப்பதும் அவரால் செய்யக்கூடியவை. இலங்கைத் தமிழர்களின் எழுத்துகளுக்கு நூலகம் நிறுவனம் அரும்பணி செய்துவருகிறது. மீதிப் பொறுப்பு அரசுடையது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் எழுத்தை அதேபோல் சேர்த்துவைக்க இங்கே ஏற்பாடு இல்லை. பிரிட்டனில் 2013 முதல் அந்நாட்டு இணையதளங்களின் பிரதியைச் சேகரிக்க பிரிட்டிஷ் நூலகத்துக்கும் பிற வைப்பு நூலகங்களுக்கும் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. இங்கே தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பதிவர்கள் தாமாகவே தங்கள் தளத்தின் முழுப் பிரதியை ஒப்படைப்பதற்கு ஒரு விண்ணப்பப் படிவமும், அதை வாங்கி வைக்கச் சில டெராபைட் இடமும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். அந்தப் படிவத்தைத் தமிழக அரசு இந்த ஆண்டே வெளியிட வேண்டும். அதுவரை பதிவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை: பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் மொத்த எழுத்தையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதற்குச் சில நிமிடம் போதும்.